சுருளின் கடைசி முழம்

இரவு வேலை முடிந்து வீடு சேரும்போது
மணி எட்டரை. இருட்டு.
டிசம்பரில் ரேய்தார்ஃபியோர்துருக்கு வெளிச்சம்
பதினொரு மணிக்கு வந்து
காப்பி ஆறுவதற்குள் எழுந்துபோகிற விருந்தாளி.

தூக்கம் வரவில்லை.
நேற்றைய ஆட்டுத்தொடையை மூடியிருந்த
அலுமினியத் தாளைக் கழுவித் துடைத்து
மேசைமேல் விரித்தேன்.

பன்னிரண்டு மணி நேரம்
இதே உலோகத்தின் முன்னால்தான் நின்றேன்.
அங்கே அது தொள்ளாயிரத்து அறுபது பாகை,
முகக்கவசத்துக்கு அப்பால்
ஆரஞ்சு நிறத்தில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.
இங்கே
பூனை தும்மினால் பறந்துவிடும்.

மனிதனைச் செய்வது சுலபம்.
ஒரு நீள்சதுரம்.
மேலே இரண்டு வெட்டு, கீழே ஒரு வெட்டு.
நடுவில் கையால் இறுக்கினால் இடுப்பு.
மேல்துண்டை உருட்டினால் தலை,
அதன் இருபுறமும் கைகள்,
கீழே பிளந்தது கால்கள்.
எட்டு நிமிடம்.
நிற்க மட்டும் வராது அவனுக்கு.

மாடியில் குடியிருக்கும் போகுமீல்
காலுறையோடு இறங்கி வந்தான்.
போலந்துக்காரன்,
எனக்கு அடுத்த வரிசை உலைகள் அவனுடையவை.
மலைச்சாலையைப் பனி மூடிவிட்டதாம்,
எகில்ஸ்ஸ்தாதிரில் பல் மருத்துவர்
வீணாகக் காத்திருப்பாராம்.
சொல்லும்போது முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"உலைக்கூடத்தில் வைத்துப் பார், தானாக நிற்பான்."
சிரித்தோம்.
அங்கே ஓடும் மின்சாரத்தின் காந்தத்தில்
பேப்பர் கிளிப்புகள் மயிர்க்கூச்செறிந்து எழுந்து நிற்கும்,
சாவிக்கொத்து சட்டைப்பையிலிருந்து
யாரையோ பார்க்க எட்டிப்பார்க்கும்.

போன வாரமே ஒருவனைக்
கொண்டுபோய் வைத்துப் பார்த்ததை
நான் அவனிடம் சொல்லவில்லை.
இரும்பெல்லாம் எழுந்து நின்ற இடத்தில்
அவன் மட்டும் மல்லாந்து கிடந்தான்.
பிறந்த வீடுதான்.
ஒரு முகமும் அவனுக்கு ஞாபகமில்லை.

சுருளில் மிச்சம் ஒரு முழம்.
அதைக் கிழித்துப் பாதி எடுத்துக்கொண்டு
போகுமீல் குதிரை செய்தான்.
நாய் என்றேன்.
வாலை நீட்டினான்.
இப்போது எலி.
கோபத்தில் நான்கு கால்களையும் தடிமனாக்கினான்,
என்னவென்று தெரியாத அது
கெட்டியாக நின்றது.

மறுபாதியில் நான் இன்னொரு மனிதன்.
நினைத்துச் செய்யவில்லை.
இடது தோளை ஒரு பொட்டு அதிகமாக அழுத்திவிட்டேன்,
அவ்வளவுதான்.

"எய்விந்துர்," என்றான் போகுமீல்.
உடனே உதட்டைக் கடித்துக்கொண்டான்.

ஆமாம்.
துவைப்பு இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு
அகுரேய்ரிக்குப் போன எய்விந்துர்.
கதவைத் தாண்டும்போதும்
அந்தத் தோள் இப்படித்தான் சரிந்திருந்தது,
பாரத்தாலா என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

நிமிர்த்தப் பார்த்தேன்.
இந்தத் தாளுக்கு மடியத் தெரியும்,
மடிந்ததை மறக்கத் தெரியாது.
நகத்தால் நீவ நீவ
கோடுகள் பெருகின.
தோள் நேரானபோது
அவனுக்குப் பத்து வயது கூடியிருந்தது.

பதினொன்றரைக்கு
ஜன்னலில் சாம்பல் நிறம் கசிந்தது.
ஹேடாக் மீனைத் தட்டில் வைத்து
உப்பும் வெண்ணெயும் தடவி
மூடுவதற்குத் தேடினால்
அட்டைக்குழல் மட்டும்.

இருவரும் மேசையைப் பார்த்தோம்.
போகுமீல் தன் பிராணியை
மெல்லக் கைக்குள் இழுத்துக்கொண்டான்.
முதல் மனிதன்மேல் இன்னும் ஆட்டுக்கொழுப்பு வாடை.

எய்விந்துரைப் பிரித்தேன்.
முதலில் தலை, பிறகு கைகள்.
இடுப்பு பிரிய நேரமாயிற்று.
வெட்டிய மூன்று இடங்களிலும் வாய் பிளந்த தாள்,
மீனில் முக்கால் பங்குக்குத்தான் போதுமானதாக இருந்தது.

இருநூறு பாகை.
அது பிறந்த சூட்டுக்கு
இதெல்லாம் வெறும் வெயில்.

எடுத்துத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது.
மீன் தோலெங்கும் சுருக்கக் கோடுகள்,
மூடாத ஓரம் காய்ந்து விறைத்திருந்தது.
நான் கேட்காமலே
போகுமீல் அந்தத் துண்டைத் தன் தட்டில் போட்டுக்கொண்டான்.

மென்றான்.
வலிக்கும் பல்லைத் தவிர்த்து
மறுபக்கமாக, மெதுவாக.

"கொஞ்சம் வறண்டிருக்கிறது," என்றான்,
"உப்பு சரி."